குளம் கிடைக்காத நாட்களில் தரையில் நீச்சல் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் டிரையத்லானுக்கு, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டிக்குத் தயாராகிறவருக்கு சைக்கிளும் ஓட்டமும் பெரிய தலைவலி இல்லை. விடியற்காலையில் அழகர்கோவில் சாலையில் மிதிக்கலாம். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடலாம். தண்ணீர்தான் தகராறு. அழகர் இறங்குவதற்கே வைகை அணையைத் திறந்துவிட வேண்டிய ஊர் இது. ரேஸ்கோர்ஸ் மைதான வளாகத்தில் நீச்சல் குளம் இருக்கிறது என்றாலும், கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கூட்டத்தில் யார் மீதும் முட்டாமல் ஒரு நீளம் நீந்துவதே பெரும்பாடு. வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வாய்க்கும். நீந்த வேண்டிய தூரமோ ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீட்டர், அதைவிட நீண்ட அரை அயர்ன்மேன் போட்டியில் 1.9 கிலோமீட்டர்.

மிச்ச நாட்களை மொட்டை மாடியில் ஈடுகட்டலாம். ஆனால் பலர் அங்கே செய்வது நீச்சலுக்கு உதவுவதில்லை; தோள்பட்டையைத்தான் கெடுக்கிறது.

முதல் தவறு, தண்டால் மோகம். நீச்சலுக்குக் கையில் பலம் வேண்டும் என்று தினமும் தண்டால், ஜிம்மில் பெஞ்ச் பிரஸ். கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைல் நீச்சலே மார்புத் தசைகளுக்கு நிறைய வேலை கொடுக்கிறது. போதாததற்கு சைக்கிள் ஹேண்டில்மீது குனிந்திருக்கிறோம், அலுவலகத்தில் கணினி முன் கூன் போடுகிறோம். முன்பக்கம் இறுகி, தோள் முன்னே உருண்டுவிடுகிறது. அந்த நிலையில் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோளுக்குள் தசைநார் நசுங்கும். பலம் சேர்க்க வேண்டிய இடம் முதுகுப்பக்கம்: தோள் எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள், தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு தசைகள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் வெளிப்புறமாகத் திருப்பி ரப்பரை இழுக்கும் பயிற்சி பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தண்டாலை அடியோடு விடவேண்டாம். ஒரு பங்கு தள்ளினால் இரண்டு பங்கு இழுங்கள்.

அடுத்தது ரப்பர் இழுப்பு. கடைகளில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் கிடைக்கிறது. பழைய சைக்கிள் டியூபும் போதும். இடுப்பை மடித்து முதுகு தரைக்கு இணையாக வரும்படி குனிந்து, தூண் பக்கம் கைகளை நீட்டி, அங்கே கட்டிய ரப்பரைத் தொடைவரை இழுப்பதுதான் பயிற்சி. பார்க்கச் சுலபம். பெரும்பாலோர் முழங்கையை முதலில் பின்னுக்கு இழுத்துவிடுகிறார்கள், கிணற்றில் வாளி இறைப்பதுபோல. தண்ணீருக்குள் இப்படி முழங்கை சரிந்தால் உள்ளங்கை தண்ணீரைக் கீழே அமுக்குமே தவிரப் பின்னே தள்ளாது. தலை கொஞ்சம் மேலே எழும். உடம்பு முன்னே போகாது. சரியான இழுப்பில் முதலில் முழங்கை இருந்த இடத்திலேயே உயரமாக நிற்கும். விரல் நுனிகள் தரையைப் பார்க்கத் திரும்பும். உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாக நின்ற பிறகுதான் இழுப்பு தொடங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இழுப்பின் முதல் பாதியில் மணிக்கட்டைவிட முழங்கை மேலே இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இதில் ரப்பரின் குணமும் சேர்ந்து ஏமாற்றும். ரப்பர் நீள நீளத்தான் விறைக்கும். தொடக்கத்தில் தளர்வாக இருக்கும், கடைசியில்தான் கடினமாகும். நீச்சலில் தண்ணீரைப் பிடிக்கும் வேலையோ தொடக்கத்தில் இருக்கிறது. தூணுக்குப் பக்கத்தில் நின்று தடித்த ரப்பரை இழுப்பவருக்கு இடுப்புக்கு அருகே கையின் பின்புறத் தசை மட்டும் பலக்கும். பிடிக்கும் நிலைக்கு ஒன்றும் கிடைக்காது. மெல்லிய ரப்பராக எடுத்து, கை முழுதாக நீண்டிருக்கும்போதே அது விறைப்பாக இருக்கும் தூரத்துக்குத் தள்ளி நில்லுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம், முன்கை வீணாகச் சோரும். டியூப் முனையில் வளையம் கட்டி, விரித்த உள்ளங்கையை அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ரப்பர் கையை வெடுக்கென்று பிடுங்க விடாமல், இழுத்ததைவிட நிதானமாக விடுங்கள். தோள் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த வெடுக்கில்தான்.

டியூபை வெயிலில் விட்டால் ரப்பர் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் நீட்டி, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் பைப்பில் கட்டாதீர்கள். அது உடைந்தால் மாடியே நீச்சல் குளம்.

இடுப்பிலும் வயிற்றிலும் பலர் செய்யும் பயிற்சி நேர்மாறானது. வயிற்றை மடக்கி எழும் பயிற்சி உடம்பை மடக்கக் கற்றுக்கொடுக்கிறது. நீச்சலுக்கு வேண்டியது மடங்காமல் நீண்டு கிடப்பது. மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, இடுப்புக்குப் பின்னே இடைவெளி விழாமல் தரையோடு அழுத்திக்கொண்டு கால்களைச் சற்றே தூக்கிப் பிடிப்பது நல்லது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவார்கள். கையில் குறையே இருக்காது, ஆனால் தலை எழுந்தால் கால் தாழும். அவர்கள் கவிழ்ந்து படுத்து, நெற்றியை மடித்த துண்டின்மேல் வைத்துக் கழுத்தைத் தளர்த்திக் கை கால்களை நீட்டப் பழக வேண்டும். கால் தாழ்வதற்கு இறுகிய கணுக்காலும் காரணம். ஓட்டக்காரர்கள் பலருக்கும் இது உண்டு. வஜ்ராசனத்தில் சில நிமிடம் உட்காருங்கள், முழங்கால் வலித்தால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே தலையணை வைத்து.

மூச்சடக்கிப் பழகுவது இன்னொரு தவறான வழி. நீச்சலில் திணறுவது பெரும்பாலும் மூச்சை முழுதாக வெளியே விடாததால்தான். ரப்பர் இழுக்கும்போதே மூன்று இழுப்புக்கு மெல்ல விட்டுக்கொண்டே வந்து, தலையை உடம்போடு திருப்பிச் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டுத் தண்ணீருக்கடியில் அடக்கிப் பார்ப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம். முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் புரட்டி எடுப்பதைவிட வாரம் மூன்று நான்கு நாள் இருபது நிமிடம் மேல். தசை சீக்கிரம் தேறும், தசைநார் மெதுவாகத்தான் தேறும்.

இத்தனையும் செய்துவிட்டுக் குளத்துக்குப் போகிற நாளில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தூரத்தை மட்டும் எண்ணினால் மாடியில் பட்ட பாடு வீண். தண்ணீரின் பிடியைக் கை உணர்வது தண்ணீரில் மட்டுமே நடக்கும். இறங்குமுன் ஐந்து நிமிடம் ரப்பர் இழுத்துவிட்டு, முதல் சில நீளங்களைக் கையை மூடிக்கொண்டு நீந்துங்கள். முன்கையில் தண்ணீர் தட்டுப்படும். பிறகு விரலை விரித்துத் தூரம் போகலாம். குளம் கிடைக்கவில்லை என்று தனியாகக் கண்மாயில் இறங்காதீர்கள், மண் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது.

தோளின் முன்பக்கம் குத்தலாக வலித்தால் அன்று நிறுத்திக்கொள்ளுங்கள். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத அளவுக்குப் போனால் டியூபை அவிழ்த்து வைத்துவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அதுவரை சைக்கிளும் ஓட்டமும் இருக்கின்றன.