முரண் தீர்ந்ததா, மறைந்ததா? கிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருவர் ஒரே கோப்பின் ஒரே வரியை வெவ்வேறு விதமாகத் திருத்திவிட்டு இரண்டு கிளைகளையும் (தனித்தனியாக வளரும் வேலைப் பாதைகளை) மெர்ஜ் செய்து ஒன்றாக இணைக்கும்போது, எதை வைத்துக்கொள்வது என்று தானாக முடிவெடுக்க மறுத்து கிட் நின்றுவிடுகிறது. இதுவே முரண். லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் இந்தக் கருவி, அந்த இடத்தில் முடிவை மனிதரிடமே விட்டுவிடுகிறது. இதைப் பிழைச்செய்தியாக எண்ணி, திரையில் உள்ள எச்சரிக்கை மறைந்தால் போதும் என்று அவசரப்படுவதிலிருந்துதான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கான கொள்முதல் கணக்கு மென்பொருள் ஒன்றை ஓசூரில் ஒருவரும் தருமபுரியில் ஒருவருமாக எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டங்களின் பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணையில்) இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. பட்டியலோ அதற்கு முந்தைய ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டதால், ஊத்தங்கரை இன்னும் தருமபுரி மாவட்டத்தின் கீழேயே இருக்கிறது. ஓசூரில் இருப்பவர் மாவட்டப் பெயரைத் திருத்துகிறார். தருமபுரியில் இருப்பவர் அதே வரியில் பெங்களூரா வகை மாங்காயின் டன் விலையைச் சேர்க்கிறார். மெர்ஜ் செய்ததும் முரண் எழுகிறது. இதில் ஒரு பக்கத்தை அப்படியே தேர்ந்தெடுப்பவர், எந்தப் பக்கத்தை எடுத்தாலும், மற்றவரின் வேலையைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறார். சரியான வரி இரு பக்கங்களிலும் இல்லை. புதிய மாவட்டப் பெயரும் புதிய விலையும் சேர்ந்த மூன்றாவது வரியை நாம்தான் எழுத வேண்டும்.

அந்த மூன்றாவது வரியை எழுத, திருத்தங்களுக்கு முன் வரி எப்படி இருந்தது என்பது தெரிய வேண்டும். இயல்பாக கிட் ஏழு '<' குறிகளுக்கும் ஏழு '>' குறிகளுக்கும் இடையே இரு பக்கங்களை மட்டும் காட்டி, நடுவில் ஏழு '=' குறிகளால் பிரிக்கிறது; மூல வரியைக் காட்டுவதில்லை. அதனால் ஒரு பக்கத்தில் விலை இல்லாதபோது, அது நீக்கப்பட்டதா, மற்ற பக்கத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டதா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்' என்ற அமைப்பை 'டிஃப்3' என்று மாற்றினால், ஏழு '|' குறிகளுக்குக் கீழே மூல வரியும் தெரியும். கிட் 2.35 முதல் கிடைக்கும் 'இசட்டிஃப்3' இதையே இன்னும் சுருக்கமாகக் காட்டுகிறது. இந்த அமைப்பு இல்லாமல் முரண் தீர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

'அவர்ஸ்' (நம்முடையது), 'தேர்ஸ்' (அவர்களுடையது) ஆகிய இரண்டு தெரிவுகளையும் அவற்றின் பெயரை மட்டும் நம்பிப் பயன்படுத்துவது அடுத்த தவறு. மெர்ஜில் 'அவர்ஸ்' என்பது நாம் நிற்கும் கிளை. ரீபேஸில் நம்முடைய கமிட்டுகள் (பதிவுசெய்த திருத்தங்கள்) ஒவ்வொன்றாக மற்றக் கிளையின் மேல் மீண்டும் இடப்படுவதால், 'அவர்ஸ்' என்பது அந்த மற்றக் கிளையையும், 'தேர்ஸ்' என்பது நம்முடைய சொந்த வேலையையும் குறிக்கும். இதை அறியாமல் ரீபேஸின் நடுவே 'கிட் செக்அவுட் --அவர்ஸ்' என்று கொடுப்பவர், காப்பாற்ற நினைத்த திருத்தத்தையே இழக்கிறார். மேலும் இந்தக் கட்டளை முரண்பட்ட வரிகளை மட்டுமல்லாமல் முழுக் கோப்பையும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்துவிடும். அதே கோப்பில் சிக்கலின்றி இணைந்திருந்த மற்றவரின் வரிகளும் சேர்ந்தே போய்விடும். முரண்பட்ட இடங்களில் மட்டும் ஒரு பக்கம் வேண்டுமென்றால், மெர்ஜ் கட்டளைக்கே '-எக்ஸ் அவர்ஸ்' என்ற தெரிவு இருக்கிறது.

முரண் நிலையில், எல்லாக் கோப்புகளையும் ஒரேயடியாகச் சேர்க்கும் 'கிட் ஆட் .' கொடுப்பது பழக்கதோஷத்தால் வருவது. ஆட் செய்யப்பட்ட கோப்பின் முரண் தீர்ந்துவிட்டதாகவே கிட் எடுத்துக்கொள்கிறது. உள்ளே '<' குறிகள் எஞ்சியிருக்கின்றனவா என்று அது பார்ப்பதில்லை. நிரல் கோப்பென்றால் கம்பைலராவது கத்தும். சிஎஸ்வி கோப்பில் அந்தக் குறிகள் ஒரு வட்டத்தின் பெயராகவே திரையில் வந்து நிற்கக்கூடும். ஆட் செய்வதற்கு முன் 'கிட் டிஃப் --செக்' கொடுத்தால் எஞ்சிய குறிகளை வரி எண்ணுடன் அது காட்டிவிடும். தீர்க்கும்போது கோப்பு குழம்பிப்போனால், 'கிட் செக்அவுட் --மெர்ஜ்' என்பதோடு கோப்பின் பெயரைக் கொடுத்து முரணைப் பழைய நிலையில் மீண்டும் பெறலாம்.

எல்லாவற்றையும் கைவிட 'கிட் மெர்ஜ் --அபார்ட்' இருக்கிறதே என்ற தைரியத்தில், கமிட் செய்யாத திருத்தங்களை வைத்துக்கொண்டு மெர்ஜைத் தொடங்கக் கூடாது. அத்திருத்தங்களைச் சில வேளைகளில் அபார்ட் கட்டளையால் மீட்டுத்தர முடியாது. முதலில் கமிட் செய்துவிட வேண்டும், அல்லது ஸ்டாஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைக்க வேண்டும்.

ஒரு வரியை மட்டும் திருத்தியிருக்க, கோப்பு முழுவதும் முரணாகத் தெரிந்தால் விண்டோஸிலும் லினக்ஸிலும் வேறுபடும் வரி முடிவுக் குறிகளைச் சந்தேகிக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தின் விண்டோஸ் கணினியிலும் வீட்டின் லினக்ஸ் மடிக்கணினியிலும் மாறி மாறி வேலை செய்யும் மாணவர்களுக்கு இது அடிக்கடி நேரும். '.கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பில் '* டெக்ஸ்ட்=ஆட்டோ' என்று எழுதி, இருக்கும் கோப்புகளை ஒருமுறை சீராக்கிக் கமிட் செய்துவிட்டால் தொல்லை பெரும்பாலும் நீங்கும். தமிழ்த் தரவு வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எக்செலிலிருந்து 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்று சேமித்த கோப்பு யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்க வடிவில் இருப்பதால், கிட் அதைப் பைனரி (உரையல்லாத) கோப்பாகக் கருதி, முரண் வந்தால் எந்தக் குறியும் இடாமல் நம் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது. திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆட் செய்துவிடுவோர் உண்டு. யூடிஎஃப்-8 வடிவில் சேமிப்பதே இதற்குத் தீர்வு.

கிட் முரண் என்று சொல்லாததையெல்லாம் சரி என்று நம்புவதே இவை அனைத்திலும் ஆபத்தான தவறு என்பேன். அது வரிகளை ஒப்பிடுகிறது, பொருளை அறியாது. ஓசூரில் இருப்பவர் விலை கணக்கிடும் செயற்கூறை (ஃபங்ஷனை) கிலோவிலிருந்து டன்னுக்கு மாற்றுகிறார். தருமபுரியில் இருப்பவர் அதே நேரத்தில் வேறொரு கோப்பில், எடைமேடைச் சீட்டின் எடையைக் கிலோவாகவே அந்தச் செயற்கூறுக்கு அனுப்பும் புதிய பகுதியை எழுதுகிறார். இரண்டும் வெவ்வேறு கோப்புகள் என்பதால் மெர்ஜ் ஒரு சொல் எச்சரிக்கையும் இன்றி முடிந்துவிடும். விவசாயிக்குரிய தொகை ஆயிரம் மடங்கு தவறாக வரும். ஆகவே முரண் வந்தாலும் வராவிட்டாலும், மெர்ஜ் முடிந்ததும் சோதனைகளை ஓட்ட வேண்டும். பெயரோ அலகோ மாறிய செயற்கூறு இருந்தால், அதை அழைக்கும் இடங்களை 'கிட் கிரெப்' கொண்டு தேடி, மற்றவர் புதிதாக எழுதிய அழைப்புகளை அவரோடு பேசிச் சரிபார்த்த பிறகே புஷ் செய்து பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும்.