சிறுநீரகத்துக்குச் சீனக் குளிகை: எங்கெங்கே தவறுகிறோம்

சீன மருந்துக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் குளிகைகளில் ஒன்று லியு வெய் தி ஹுவாங் வான். ஆறு சரக்குகள் சேர்ந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்களும் 'கிட்னிக்கு நல்லதாம்' என்று கேள்விப்பட்டு வாங்குகிறார்கள். பெரிய தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சீன மருத்துவம் சிறுநீரகம் என்று சொல்வது ஸ்கேனில் தெரியும் உறுப்பை மட்டும் அல்ல. வளர்ச்சி, எலும்பு, காது, தலைமுடி, பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் அதன் பொறுப்பில் வைக்கிறது. செரிமானத்தை மண்ணீரலின் பொறுப்பில் வைக்கிறது. 'சிறுநீரகம் பலவீனம்' என்று சீன வைத்தியர் சொன்னால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. கிரியேட்டினின் கூடியவருக்கு இந்தக் குளிகை மருந்தும் இல்லை. இரண்டையும் ஒன்றென்று நம்பி, பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டு இதற்கு மாறுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். நாள்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலி காட்டாது. சிறுநீரகம் பாதி செயலிழந்த பிறகும் ஆள் நன்றாகவே நடமாடுவார். அப்படிப் போன மாதங்களை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

இந்த மருந்து பிறந்த கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோங் வம்சக் காலத்தில் வாழ்ந்த சியான் யி ஒரு குழந்தை மருத்துவர். அவருடைய மருத்துவ முறைகள் 1119இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. உச்சிக்குழி மூடாத, வளர்ச்சி பிந்திய பிள்ளைகளுக்காக அவர் சேர்த்த மருந்து இது. அவருக்கு முந்தைய ஹான் வம்சக் காலத்து மருத்துவர் சாங் சோங்சிங்கின் எட்டுச் சரக்கு மருந்தை எடுத்து, உடம்புச் சூட்டைக் கிளப்பும் இரண்டை நீக்கினார். ஒன்று கறுவா இனம், மற்றது வச்சநாபி இனத்து வேர். ஆண்மைக்கு என்று இன்று இதை விற்பதைப் பார்க்கும்போது இந்தப் பின்னணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எட்டுச் சரக்கு மருந்தும் ஜின் குய் ஷென் சி வான் என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று மாற்றி வாங்குவது ஆபத்து. வச்சநாபி வேரைச் சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் உதடும் நாக்கும் மரத்துப்போகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம்.

ஆறு சரக்கின் அளவு 8, 4, 4, 3, 3, 3 என்று போகும். எட்டுப் பங்கு ஷு தி ஹுவாங். திரும்பத் திரும்ப அவித்து உலர்த்திய கிழங்கு. கையில் எடுத்தால் பழம்புளி போலக் கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டும், வாயில் இனிக்கும். இது வயிற்றில் மந்தம் உண்டாக்கும் என்று சீன வைத்தியர்களே சொல்வார்கள். அதனால்தான் செரிமானத்துக்கு ஷான் யாவ் என்ற வள்ளிக்கிழங்கு வகையும், நீரை வெளியேற்ற ஃபு லிங் என்ற பூஞ்சையும் கூடவே இருக்கின்றன. இந்தக் கணக்கைப் பார்க்காமல் கறுப்புக் கிழங்கை மட்டும் தனியாக வாங்கிக் கஷாயம் வைக்கிறார்கள், வயிறு உப்பி, பேதியாகி, பசி போய் உட்காருகிறார்கள். ஏற்கெனவே மலம் இளகிப் போகிறவர்கள், நாக்கில் தடித்த மாவு படிந்தவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. சளி காய்ச்சல் இருக்கும் நாட்களிலும் நிறுத்தி வைப்பதே அந்த மருத்துவத்தின் முறை.

எல்லாவற்றிலும் கொடுமையானது சரக்கு மாறிப்போவது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. ஹான் ஃபாங் ஜி என்ற மூலிகை சேர்க்க வேண்டிய இடத்தில் குவாங் ஃபாங் ஜி என்ற வேறு செடி சேர்ந்திருந்தது. அதில் இருந்தது சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டலோகிக் அமிலம். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலர் டயாலிசிஸுக்குப் போனார்கள், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. லியு வெய் தி ஹுவாங் வானின் ஆறு சரக்கில் இந்தச் செடி கிடையாது. ஆனால் 'கிட்னி டானிக்' என்று சரக்குப் பட்டியல் இல்லாமல் பொடியாக வரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் குவாங் ஃபாங் ஜியின் இனம்தான். அவற்றிலும் அந்த அமிலம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டையும் தொடவே வேண்டாம்.

கலப்படம் இன்னொரு பக்கம். 2008இல் சிங்கப்பூரில், ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகளில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியது, சிலர் இறந்தார்கள். மலேசியாவில் வாங்குகிறவர்கள் பெட்டியில் MAL என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, அரசுத் துறையின் பட்டியலில் அது அதே மருந்துக்கு உரியதா என்று பாருங்கள்.

தேனில் உருட்டிய பெரிய குளிகை சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், பொட்டாசியம் கூடியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் முதலில் தங்கள் டாக்டரிடம் பெட்டியையே காட்டுங்கள். தொடங்குவதற்கு முன் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கால் வீக்கம், சிறுநீர் குறைவது, நுரைத்துப் போவது, கண் மஞ்சளாவது எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.