மயில் கழுத்து நெளியாமல் வெட்டுப்பட: பிளாஸ்மாவுக்கு ஃபைல் தயார் செய்யும் முறை

கேட்டில் வைக்கும் மயில், பிள்ளையார், கொடி, பெயர்ப்பலகை இவற்றைப் பிளாஸ்மாவில் (மின்பொறியால் தகட்டை உருக்கி வெட்டும் மெஷின்) வெட்டுவதற்குக் கோவையில் ஃபைல் தயார் செய்து கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் 3 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஷீட். ஓரம் சொரசொரப்பாக வந்தால் பட்டறையில் முதலில் நாசிலையும் (காற்று பீறிடும் முனை) கம்ப்ரஸரையும் சந்தேகப்படுவார்கள். அதுவும் சரிதான், ஈரக் காற்றும் தேய்ந்த நாசிலும் வெட்டைக் கெடுக்கும். ஆனால் அதே ஷீட்டில் நேர்கோடு சுத்தமாக இருந்து, வளைவு மட்டும் நெளிநெளியாக வந்திருந்தால் ஃபைலைத் திறந்து பாருங்கள். வளைவில் தேவைக்கு மேல் நோட் (கோட்டின் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் புள்ளி) இருக்கும்.

வளைவு சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்திருந்தால், துண்டுக்குத் துண்டு திசை மாறும்போது மெஷின் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போகும். டார்ச் (மெஷினின் வெட்டும் தலை) மெதுவானால் அந்த இடத்தில் வெட்டு அகலமாகும், ஆர்க் (டார்ச்சுக்கும் தகட்டுக்கும் இடையிலான மின்பொறி) வோல்டேஜ் ஏறும். உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் டிஎச்சி அந்த வோல்டேஜை வைத்து, டார்ச் மேலே போய்விட்டது என்று நினைத்துக் கீழே இறக்கும். சில நேரம் நாசில் தகட்டிலேயே முட்டிவிடும். எங்கள் ஆபரேட்டர் தம்பி இதை, "டார்ச் திக்குதுக்கா" என்பான். அவன் அப்படிச் சொன்னால் நான் மெஷின் பக்கம் போவதில்லை, நேராகக் கம்ப்யூட்டருக்குத்தான் போவேன்.

வாடிக்கையாளர் அனுப்புவது பெரும்பாலும் வாட்ஸப்பில் வந்த ஜேபெக் படம். அதை அப்படியே டிரேஸ் (படத்தின் ஓரத்தைக் கோடாக மாற்றுவது) செய்யாதீர்கள். படம் சுருங்கும்போது ஓரத்தில் சேரும் சாம்பல் புள்ளிகள் எல்லாம் நோட்டாக மாறும். முதலில் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் படத்தை மூன்று நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். கொஞ்சம் காஸியன் பிளர் கொடுங்கள். பிறகு லெவல்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் நெருக்கிக் கொண்டுவந்தால், மங்கலான ஓரம் மறுபடியும் கூர்மையாகும், பல் பல்லாக இருந்ததும் மறைந்திருக்கும். இந்தக் கொஞ்ச நேர வேலை, பின்னால் நோட் நோட்டாக உட்கார்ந்து அழிக்கும் வேலையைப் பெருமளவு குறைக்கும்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் பிட்மேப்பைத் திறந்தால் ஸ்பெக்கிள்ஸ், ஸ்மூத் கார்னர்ஸ், ஆப்டிமைஸ் என்று மூன்று இருக்கும். ஸ்பெக்கிள்ஸை ஏற்றினால் தூசிப் புள்ளிகள் போகும், ஆப்டிமைஸை ஏற்றினால் நோட் குறையும். ஸ்மூத் கார்னர்ஸை அளவோடு வையுங்கள். அதிகமானால் மயிலின் அலகு மழுங்கிவிடும். கோரல் டிராவில் வேலை செய்பவர்களுக்கு அவுட்லைன் டிரேஸ் இருக்கிறது, வழி இதேதான்.

அப்புறம்தான் உண்மையான வேலை. மயிலின் கழுத்தை எடுத்துக்கொள்வோம். நோட் டூலால் தொட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். தலையிலிருந்து மார்பு வரை ஒரே எஸ் வளைவு, அதில் நாற்பது நோட் வரிசையாக நிற்கும். அந்த வளைவுக்குத் தேவை நான்கு: தலையருகே ஒன்று, முன்னால் பிதுங்கும் உச்சியில் ஒன்று, உள்வாங்கும் உச்சியில் ஒன்று, மார்பில் ஒன்று. இந்த நான்கையும் விட்டுவிட்டு இடையில் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யுங்கள். வடிவத்தை ஓரளவு காப்பாற்ற இங்க்ஸ்கேப்பே முயலும். கோடு கொஞ்சம் விலகினால் கைப்பிடிகளை இழுத்துச் சரிசெய்யலாம். நடுவில் உள்ள இரண்டையும் ஷிஃப்ட் + எஸ் கொடுத்து ஸ்மூத் நோட்டாக்குங்கள். அலகு நுனி, கொண்டை நுனி மாதிரி கூர்மை வேண்டிய இடத்தில் மட்டும் ஷிஃப்ட் + சி.

கன்ட்ரோல் + எல் அழுத்தினால் சிம்ப்ளிஃபை ஒரே அடியில் எல்லாவற்றையும் குறைக்குமே என்பீர்கள். குறைக்கும்தான். ஆனால் அதற்கு அலகும் கழுத்தும் ஒன்றுதான். தொடர்ந்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் இன்னும் பலமாகக் குறைத்து, தோகையின் கண்களை உருளைக்கிழங்கு மாதிரி ஆக்கிவிடும். நான் ஒரு முறை மட்டும் அழுத்துவேன், மிச்சத்தைக் கையால்தான் செய்வேன். தோகைக் கண்ணில் வட்டம் வரும் இடங்களில் டிரேஸ் வந்ததை அழித்துவிட்டு, வட்ட டூலால் புதிதாகப் போடுங்கள். டிரேஸ் வட்டம் எவ்வளவு திருத்தினாலும் கோணலாகவே இருக்கும்.

வெட்டின் அகலத்தையும் வரையும்போதே நினைவில் வையுங்கள். 45 ஆம்பியரில் சுமார் ஒன்றரை மி.மீ. தகடு எரிந்து போகும். அதை ஈடுகட்டிப் பாதையைத் தள்ளுவது, படத்தை மெஷின் போகும் பாதையாக மாற்றும் கேம் மென்பொருளின் வேலை, படத்தில் நீங்கள் தள்ள வேண்டாம். இரண்டு பேரும் தள்ளினால் அளவு கெடும். ஆனால் இரண்டு வெட்டுக்கு நடுவே 5 மி.மீ.யாவது தகடு மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். இந்தத் தகட்டில் 5 மி.மீ.க்குக் குறைந்த துளையை நான் போடுவதில்லை. சென்டர் மட்டும் குறித்து டிரில் போடச் சொல்லிவிடுவேன்.

தமிழ்ப் பெயர்ப்பலகைக்குத் தனிக் கவனம் வேண்டும். தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டினால் க, வ, ம, ண இவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் தகடு கழன்று விழும். எழுத்தின் மேல் 5 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வரைந்து, டிஃப்ரன்ஸ் (எழுத்திலிருந்து பட்டையைக் கழிக்கும் கட்டளை) கொடுத்துப் பாலம் விடுங்கள். எழுத்தைத் தனித்தனியாக வெட்டி கேட்டில் வெல்டு வைப்பதானால் பிரச்சினை தலைகீழ். உள்ளே இருப்பது விழுந்தால் நல்லது, ஆனால் 'ன்' மேல் உள்ள புள்ளி தனியாகப் போய்விடும். அங்கே பட்டையை யூனியன் கொடுத்துப் புள்ளியை எழுத்தோடு சேர்க்க வேண்டும். எழுத்துருவைப் பாத்தாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய பிறகே இதெல்லாம். மாற்றாமல் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேறு என்னவோ தெரியும்.

சேமிக்கும் முன் அவுட்லைன் பார்வைக்கு மாற்றி ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரே கோடு இரண்டு தடவை மேலே மேலே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் இரண்டு தடவை வெட்டும். சந்தேகமான துண்டைப் பிடித்து நகர்த்துங்கள், அடியில் இன்னொன்று இருந்தால் தெரிந்துவிடும். வாய் திறந்த பாதை இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று கேமுக்குப் புரியாது. இரண்டு முனை நோட்டையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + ஜே கொடுத்து மூடுங்கள்.

கேமுக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் ஃபைலாக எடுக்கும்போது யூனிட் மி.மீ. என்று பாருங்கள். அங்குலம் ஆகிவிட்டால் 25.4 மடங்கு வித்தியாசம் வரும், அது உடனே கண்ணில் படும். கண்ணில் படாத தவறு இன்னொன்று: 2017-இல் வந்த 0.92 பதிப்புக்கு முந்தைய இங்க்ஸ்கேப் ஃபைல்கள் அங்குலத்துக்கு 90 பிக்ஸல் கணக்கு, இப்போது 96. பழைய ஃபைலைத் திறக்கும்போது கேட்கும் கேள்வியைப் படிக்காமல் தாண்டினால் 600 மி.மீ. மயில் 562.5 ஆகிவிடும், கேட் சட்டத்தில் உட்காராது. கேமில் ஏற்றியதும் மொத்த அகலத்தை ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

அந்தக் கேமில் ஆர்க் ஃபிட்டிங் வசதி இருந்தால் 0.1 மி.மீ. டாலரன்ஸில் (அனுமதிக்கும் விலகல்) போடுங்கள். கோட்டுத் துண்டுகள் ஜி2, ஜி3 என்ற வளைவுக் கட்டளைகளாக மாறும். ஜி-கோடைத் (மெஷின் படிக்கும் கட்டளைப் பட்டியல்) திறந்து கழுத்துப் பகுதியைப் பாருங்கள், வரிக்கு வரி நேர்கோட்டுக் கட்டளையான ஜி1 ஆகவே இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் சரியாகவில்லை. உள்வெட்டுகள் முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோடு கடிகாரச் சுற்றில், துளைகள் எதிர்ச்சுற்றில். சாதாரண நாசிலில் டார்ச் போகும் திசைக்கு வலப்பக்க ஓரம்தான் செங்குத்தாக வரும், அது நமக்கு வேண்டிய துண்டின் பக்கம் அமைய வேண்டும். தகட்டின் தடிமனையும் வெளி அளவையும் ஃபைல் பெயரிலேயே எழுதி ஆபரேட்டருக்கு அனுப்புங்கள். கழுத்துத் துண்டை மட்டும் முதலில் ஸ்கிராப் தகட்டில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.