குடும்பத்தோடு கப்பல் ஏறும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

பெரிய சொகுசுக் கப்பலில் ஏறிய முதல் நாள் பிற்பகல் நீச்சல் குளத்துப் பக்கம் போனால் இப்படி ஒரு குழந்தையாவது கண்ணில் படும்: காலில் சாக்ஸும் ஷூவும், உடம்பில் விமானத்தில் போட்டுவந்த முழுக்கைச் சட்டை, பார்வை மட்டும் தண்ணீரில். நீச்சல் உடை சூட்கேசுக்குள் இருக்கிறது. சூட்கேஸ், துறைமுக வாசலில் ஒப்படைத்த ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு சேர்ந்து கப்பலின் கீழ்த்தளத்தில் எங்கோ கிடக்கிறது. அது கேபின் வாசலுக்கு வந்துசேர மாலையாகும். சில சமயம் இரவுச் சாப்பாடே முடிந்துவிடும். நீச்சல் உடை, மருந்து, சார்ஜர், சின்னக் குழந்தைக்கு ஒரு மாற்றுத் துணி, எல்லாருடைய பாஸ்போர்ட் ஆகியவை கைப்பையில் வர வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு, சோதனை மேசைக்கு வந்து பையைக் கவிழ்த்துத் தேடுகிறவர்களும் உண்டு.

இதெல்லாம் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. கப்பலின் அளவுதான் ஏமாற்றுகிறது. 2024 ஜனவரியில் முதல் பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 365 மீட்டர் நீளம், 20 தளங்கள். 7,600 பயணிகள் வரை ஏற்றக்கூடியது. இப்படி ஒன்றுக்குள் நுழைந்ததும் மனம் அதை ஹோட்டல் என்று எடுத்துக்கொள்கிறது. ஹோட்டல் ஆடாது, நாம் தாமதமாகத் திரும்பினாலும் அதே இடத்தில் இருக்கும். குடும்பங்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த நினைப்பிலிருந்து பிறப்பவை.

கேபின் தேர்விலேயே அது தொடங்கிவிடுகிறது. எல்லாரும் விலையைப் பார்க்கிறார்கள், ஜன்னலா பால்கனியா என்று பார்க்கிறார்கள். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தால், விடியற்காலையில் ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் ஓசைதான் உங்கள் அலாரம். நடன அரங்குக்கு மேலே கிடைத்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். தளங்களின் வரைபடத்தைக் கப்பல் நிறுவனங்களே இணையத்தில் போட்டுவைத்திருக்கின்றன. மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளமாகப் பார்த்து எடுத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவான டிக்கெட்டுகளும் உண்டு. தம்பதிக்கு அது லாபம். இரண்டு அறை எடுக்கும் குடும்பத்துக்கு அப்படியில்லை: ஒன்று முன்பக்கம் ஏழாவது தளத்திலும் இன்னொன்று பின்பக்கம் பதினோராவது தளத்திலும் விழலாம். அப்புறம் பிள்ளைகளைத் தேடியே பயணம் முடிந்துவிடும்.

கப்பல் ஆடுவது இடத்துக்கு இடம் வேறுபடும். சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் அசைவதே இல்லை, நுனியில் இருப்பவர்தான் ஏறி இறங்குகிறார், கப்பலும் அப்படித்தான். குமட்டல் வரக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை எடுங்கள். மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. குழந்தைகளுக்கு எது, எவ்வளவு என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் வயது விதிகளையும் படியுங்கள். பல நிறுவனங்கள் 6 மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமான வரம்பு 24 வாரம், அதுவும் புறப்படும் நாளை வைத்துக் கணக்கிடுவதல்ல, பயணம் முடியும் நாளை வைத்து. விசா விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வழியில் ஒரு நாட்டைவிட்டு வெளியே போய் மறுபடி அதே நாட்டுக்குள் வரும் பாதை என்றால், ஒருமுறை நுழைவு விசா போதாது.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைச் சடங்கு என்று நினைப்பவர்கள் அதிகம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல் சர்வதேச விதி மாறியது: புறப்படும் முன், அல்லது புறப்பட்ட உடனே. இப்போது பல கப்பல்களில் போனிலேயே வீடியோ பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் நாம் வந்து சேர வேண்டிய கூடுமிடத்துக்குப் போய் முகம் காட்டினால் முடிந்துவிடுகிறது. அது சுலபமாகிவிட்டதாலேயே மனதில் நிற்பதில்லை. ஒருமுறை பிள்ளைகளோடு லிஃப்டைத் தவிர்த்து, படிக்கட்டு வழியாகவே கேபினிலிருந்து கூடுமிடம் வரை நடந்துபாருங்கள். பிள்ளைகளை விளையாட விட்டுப்போகும் ‘குழந்தைகள் மன்ற’த்தில் அவர்கள் இருக்கும்போது அபாய மணி அடித்தால் பிள்ளையை யார் எங்கே ஒப்படைப்பார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு கரையில்தான் நடக்கிறது. துறைமுகத்தில் கப்பல் புறப்படும் நேரத்தில் மேல்தளத்தில் நின்றால் ஒரு காட்சி கிடைக்கும். தூரத்தில் ஒரு டாக்சி வந்து நிற்கும். நான்கு பேர் இறங்கி ஓடிவருவார்கள். அப்பா தோளில் குழந்தை, அம்மா கையில் செருப்பு. மேலே நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டிக் கூச்சலிடுவார்கள், பாதிப் பேர் போனில் படமெடுத்தபடி. சில நாள் ஏணிப்பாலம் எடுப்பதற்குள் வந்துவிடுகிறார்கள். சில நாள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் தெரியத் தொடங்கிவிடுகிறது.

இந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் கடிகாரமே காரணம். கப்பலுக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. அது கரையின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. கரையில் சிக்னல் கிடைத்ததும் போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், நாமும் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்று ஐஸ்கிரீம் வாங்க நிற்போம். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ‘எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம்’ என்பது புறப்படும் நேரம் அல்ல. வழக்கமாக அதற்கு அரை மணி முந்தியது. கப்பல் நடுநீரில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் கரைக்கு அழைத்துப் போகும் இடங்களில் கடைசிப் படகின் நேரமே கணக்கு.

கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாக ஏற்பாடு செய்துகொண்டு போனால் காத்திருக்காது. அதற்காக எல்லாவற்றையும் கப்பலிலேயே வாங்கச் சொல்லவில்லை. அங்கே விலை கூடுதல். துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரம் என்றால் நீங்களே போங்கள். ஒரே மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் என்றால் கப்பலின் பஸ்ஸில் ஏறுங்கள். தவறவிட்டவர்கள் அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில்தான் போக வேண்டும்.

பணத்தில் இன்னும் சில ஓட்டைகள் உண்டு. டிப்ஸ் பல நிறுவனங்களில் ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கில் ஏறும்; அதில் பிள்ளைகளும் ஆள்தான். கரை மறைந்ததும் போன் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், அந்த ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும். புறப்படும் முன்பே எல்லாருடைய போனையும் ஃபிளைட் மோடில் போடுங்கள். கப்பல் மருத்துவமனை இலவசம் இல்லை. ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோகும் செலவு வரை அடங்கும் காப்பீடு எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குளங்களில் உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை. இருந்தாலும் கண் பெற்றோருடையதாக இருக்கட்டும். டயப்பர் போட்ட குழந்தைக்குப் பெரிய குளத்தில் பொதுவாக அனுமதி கிடையாது, நீச்சல் டயப்பர் என்றாலும். பால்கனியில் நாற்காலியைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக விடாதீர்கள். ஏறுவதற்கென்றே பிறந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். பஃபே வாசலில் சானிடைசர் தெளித்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. கப்பல்களில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பரவும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

கடைசி நாளுக்கு விமான டிக்கெட்டைக் காலை ஒன்பதுக்குப் போட்டுவிடாதீர்கள். கப்பல் விடியற்காலையில் கரை சேர்ந்தாலும், ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி, பெட்டியைத் தேடி, குடிவரவைத் தாண்ட வேண்டும். நண்பகலுக்குப் பிறகு என்றால் நிம்மதி. முந்தைய இரவு சூட்கேஸ்களைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் கரையில்தான் அவை திரும்பக் கிடைக்கும். உற்சாகத்தில் எல்லாத் துணியையும் மடித்து அடுக்கி வெளியே வைத்துவிடும் ஒருவர், மறுநாள் காலை உணவு வரிசையில் கோடுபோட்ட பைஜாமாவும் தோல் ஷூவுமாக, பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பதைக் கண்டுகொள்ளாமல் காபிக்கு நின்றுகொண்டிருப்பார்.