வீட்டு வேலைல ஓவர்டைம் காசு தரலைன்னா எப்படி கேட்டு வாங்குறது

சமையலோ, குழந்தை பாத்துக்குறதோ, வயசானவங்களுக்கு கேர்டேக்கரா இருக்குறதோ, எந்த வீட்டு வேலையா இருந்தாலும் ஓவர்டைம் பிரச்சனைன்னு வந்தா வேலை பாத்தவங்க தோத்துப்போறதுக்கு பெரும்பாலும் ஒரே காரணம்தான், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடிச்சாங்கன்னு எழுத்துல எதுவுமே இருக்காது. கம்பெனின்னா பஞ்ச் மிஷினாவது இருக்கும். வீட்டுக்குள்ள அவங்க ஒண்ணு சொல்வாங்க, நீங்க ஒண்ணு சொல்வீங்க, அவ்ளோதான்.

அதனால காசு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க. அன்னன்னைக்கு நடந்ததை அன்னைக்கே எழுதணும், மாசக் கடைசில உக்காந்து ஞாபகப்படுத்தி எழுதுனா ஒரே பேனா ஒரே கையெழுத்துன்னு பாத்தாலே தெரிஞ்சிடும், யாரும் நம்ப மாட்டாங்க. எழுதுற விதம் இப்படி இருந்தா போதும்:

"செவ்வாய். காலைல 6.30க்கு வேலை ஆரம்பிச்சேன். மதியம் 2 டு 3.30 ரெஸ்ட், நடுவுல 2.40க்கு பெரியம்மாவை பாத்ரூம் கூட்டிட்டு போனேன், 20 நிமிஷம். ராத்திரி 10.15க்கு பாத்திரம் முடிச்சேன். 1.20க்கு எழுப்புனாங்க, மாத்திரை குடுத்து படுக்க வச்சு 1.45க்கு படுத்தேன்."

இதை ஃபோட்டோ எடுத்து உங்க அக்காவுக்கோ ஃப்ரெண்டுக்கோ தினமும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. தேதி அதுலயே பதிவாகிடும், திடீர்னு ஒருநாள் வெளிய போகச் சொல்லி நோட்டு உள்ளயே மாட்டிக்கிட்டாலும் கணக்கு உங்ககிட்ட இருக்கும். "இன்னைக்கு கெஸ்ட் வர்றாங்க, லேட்டாகும் இரு"ன்னு மேடம் அனுப்புன மெசேஜ், வாய்ஸ் நோட் எதையும் டெலீட் பண்ணாதீங்க. ஆனா வீட்டுக்குள்ள அவங்க குடும்பத்தை வீடியோ எடுக்குறது, அவங்க பேப்பரை எடுத்துட்டு வர்றது எல்லாம் வேண்டவே வேண்டாம், நியாயம் உங்க பக்கம் இருந்தும் கேஸ் உங்க மேலயே திரும்பிடும்.

இப்ப கணக்கு. மேல சொன்ன செவ்வாய்க்கிழமைய எடுத்துக்கோங்க, 6.30ல இருந்து 10.15 வரைக்கும் 15 மணி 45 நிமிஷம், ரெஸ்ட் ஒன்றரை மணியை கழிச்சா 14.15, ரெஸ்ட் நடுவுல செஞ்ச 20 நிமிஷம், ராத்திரி 25 நிமிஷம் ரெண்டையும் சேத்தா சரியா 15 மணி நேரம். பேசுனது 10 மணி நேரம்னா அன்னைக்கு மட்டும் 5 மணி நேரம் எக்ஸ்ட்ரா. மாசம் 26 நாள், நாளைக்கு 10 மணி நேரம்னா மொத்தம் 260, உங்க சம்பளத்தை 260ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு வந்துடும். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கா ரெண்டு மடங்கா, வீட்டு வேலைக்கு அது பொருந்துமான்னு அந்தந்த நாட்டு சட்டத்தை பாக்கணும், சாதா ரேட்லயே கணக்கு போட்டாலும் வர்ற தொகை பல பேருக்கு தூக்கிவாரிப் போடும்.

"சும்மாதானே உக்காந்திருந்த"ன்னு ஒரு பேச்சு கண்டிப்பா வரும். ஐஎல்ஓன்னு சொல்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011ல வீட்டு வேலை செய்றவங்களுக்காகவே 189வது உடன்படிக்கைன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. கூப்பிட்டா வரணும்னு அந்த வீட்டுக்காக காத்துக்கிட்டு, உங்க இஷ்டத்துக்கு இருக்க முடியாத நேரத்தையும் வேலை நேரமா எடுத்துக்கணும்னு அதுல இருக்கு, எந்த அளவுக்குங்கறதை அந்தந்த நாடு முடிவு பண்ணும். வாரத்துக்கு ஒருதடவை தொடர்ந்து 24 மணி நேரம் ரெஸ்ட் குடுக்கணும்னும் இருக்கு. ஏத்து கையெழுத்து போட்ட நாடுகளைத்தான் இது கட்டுப்படுத்தும், அதனால உங்க நாடு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க.

கேக்கும்போது சண்டைக்கு நடுவுல கேக்காதீங்க, விருந்தாளி முன்னாடியும் வேண்டாம். சம்பளம் குடுக்குறது யாரோ அவங்ககிட்ட, "மேடம், போன மாசம் பேசுனதை விட இத்தனை மணி நேரம் கூட நின்னிருக்கேன், கணக்கு எழுதி வச்சிருக்கேன், ஒரு பத்து நிமிஷம் பாக்கலாமா"ன்னு கேளுங்க. பேசி முடிச்சதும் என்ன பேசுனீங்களோ அதையே மரியாதையா ஒரு மெசேஜா போட்டு விடுங்க, இதை விடவே கூடாது, வாயால சொன்னது நாளைக்கு இல்லைன்னு ஆயிடும். "சாப்பாடு போடுறோம், தங்க இடம் குடுக்குறோம்"னு சொன்னா அது ஆரம்பத்துல பேசுனதுலயே சேர்ந்தது, கூட நின்ன நேரத்துக்கு பதில் ஆகாது. "உன்னை வீட்ல ஒருத்தியா நினைச்சோமே"ன்னு சொல்றப்பதான் நிறைய பேர் கலங்கி விட்டுடுறாங்க. அந்தப் பாசம் உண்மையாவே இருக்கலாம், இருக்கட்டும், நீங்க தூங்காம நின்ன ராத்திரிக்கு கூலி தனி.

பாதி காசு குடுத்தா வாங்கிக்கோங்க, ஆனா "இது பாதிதான், மீதி இவ்வளவு"ன்னு மெசேஜ் போட்டுட்டு வாங்குங்க. எல்லா பாக்கியும் தீர்ந்துச்சுன்னு எழுதின பேப்பர்லயோ வெத்து பேப்பர்லயோ கையெழுத்து போடாதீங்க. படிக்கத் தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு வர்றேன்னு சொல்லுங்க.

அந்த வீட்லயே தங்கி வேலை பாக்குறவங்க கூடுதல் ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா காசு கேட்ட அன்னைக்கே வெளிய போகச் சொன்னா வேலையும் போச்சு, படுக்க இடமும் போச்சு. முதல்ல போய் தங்க ஒரு இடம் பேசி வைங்க, பாஸ்போர்ட் ஐடி எல்லாம் உங்க கையில இருக்கணும், அவங்க வாங்கி வச்சிருந்தா திருப்பிக் கேளுங்க, உங்க பேப்பரை உங்ககிட்டயே வச்சுக்குற உரிமை அதே உடன்படிக்கைல இருக்கு. கிளம்பும்போது பையை அவங்க முன்னாடியே திறந்து காட்டிட்டு, சாவியை குடுத்துட்டு, "சாவி குடுத்துட்டேன்"னு ஒரு மெசேஜ் போடுங்க. திருட்டுப் பழி போடுவாங்களோன்னு பயந்தே நிறைய பேர் காசை விட்டுட்டு வர்றாங்க, அது வீண் பயம் இல்ல.

வேலைக்கு ஆள் வச்சிருக்கவங்களும் இதை படிப்பீங்க. நேரத்தை நீங்களே எழுதி மாசம் ஒருதடவை ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, ராத்திரி எழுப்புனா எவ்வளவுன்னு முன்னாடியே பேசிடுங்க, பாதி சண்டை வராது.

பேசியும் தரலைன்னா லேபர் ஆபீஸ், வீட்டு வேலை செய்றவங்க யூனியன், இலவச சட்ட உதவி, இதுல எது பக்கத்துல இருக்கோ அங்க போங்க. நோட்டு, மெசேஜ் பிரிண்ட், மாச வாரியா எக்ஸ்ட்ரா மணி நேரமும் வரவேண்டிய தொகையும் போட்ட ஒரு பக்கக் கணக்கு, இது மூணும் கையில இருக்கட்டும். வேலையை விட்டப்புறமும் கேக்கலாம், ஆனா காலக்கெடு உண்டு. அமெரிக்காவுல ஃபெடரல் சட்டப்படி 2 வருஷம், தெரிஞ்சே சட்டத்தை மீறுனாங்கன்னா 3 வருஷம், மத்த நாட்டுல வேற மாதிரி இருக்கும், அதனால போன உடனே முதல் கேள்வியா கடைசி தேதி எப்பன்னு கேட்டு நோட்டோட முதல் பக்கத்துல எழுதிக்கோங்க.