ஒரிஜினல் கலம்காரியா இல்ல வெறும் பிரிண்ட்டா, கடைலயே கண்டுபிடிக்கறது எப்படி

கலம்காரின்னா இயற்கைச் சாயத்தால துணில கையால வரையற, இல்ல மர அச்சால பதிக்கற வேலைப்பாடு. ஆனா கடைல கலம்காரின்னு சொல்லி அடுக்கி வெச்சிருக்கறதுல நிறைய ஸ்கிரீன் பிரிண்ட் தான். அதுல ஒண்ணும் தப்பில்ல, ப்ளவுஸ் பிட்டுக்கு சூப்பராவே இருக்கும், ஆனா கையால வரைஞ்ச துணியோட விலைய அதுக்குக் குடுக்காதீங்க.

முதல்ல எந்த ஊர் துணின்னு கேளுங்க. காளஹஸ்தின்னா மூங்கில் குச்சி நுனில துணியோ கம்பளி நூலோ சுத்தி சாயத்துல முக்கி வரையறது, ராமாயண மகாபாரதக் கதைய கோயில் திரைச்சீலைல வரைஞ்சு வந்த வழி. மசூலிப்பட்டினம்னா மர அச்சு, பாரசீக ரசனைல பூவும் கொடியுமா இருக்கும். அச்சு போட்டா டூப்ளிகேட்னு சிலர் சொல்றாங்க, சுத்த அபத்தம், அதுவும் பரம்பரைத் தொழில்தான். நம்ம தஞ்சாவூர் பக்கம் கருப்பூர்லயும் வரையறாங்க, அதுக்கு புவிசார் குறியீடே இருக்கு.

அடுத்து துணியத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் வெளுத்துப்போய் சாயம் மேலாக்க பெயின்ட் மாதிரி ஒட்டிருந்தா ஸ்கிரீன் பிரிண்ட்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா பின்பக்கம் வரைக்கும் ஊறுற கெமிக்கல் சாயமும் இருக்கு, அதனால இத மட்டும் நம்பிடாம ஒரே உருவம் ரெண்டு எடத்துல வருதான்னு தேடுங்க. கைல வரைஞ்சா ரெண்டு மயிலுக்கு ஒரே கண்ணு வராது, கோடும் ஒரு எடத்துல தடிச்சு ஒரு எடத்துல மெலிஞ்சுதான் ஓடும். மர அச்சுன்னா ஒரு அச்சும் அடுத்த அச்சும் சேர்ற எடத்துல லேசா பிசிறும், அந்தப் பிசிறு கூட இல்லாம பக்காவா இருந்தாதான் சந்தேகப்படணும்.

கலர்ல தான் நெஜமான வித்தை இருக்கு. துணிய கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணில நனைச்சுக் காயவெச்சுடுவாங்க, பால்ல இருக்கற கொழுப்பு சாயத்தைப் பரவ விடாது. துரு இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வெச்ச தண்ணியால கோடு போட்டா கடுக்காய் பட்டு கறுப்பா மாறும். சிவப்பு வேணுங்கற எடத்துல படிகாரம் தடவி வேர்ச்சாயத்துல கொதிக்க வெச்சா அங்க மட்டும் சிவப்பு நல்லாப் பிடிச்சுக்கும், மஞ்சளும் அவுரி நீலமும் அதுக்கப்புறம்தான். அதனால இயற்கைச் சாயம்னு சொல்லிட்டு பளீர் ரோஸ் காட்டினா வாங்காதீங்க.

துவைச்சாலும் போகாத இந்தக் கலருக்காகத்தான் ஐரோப்பாவே நம்ம கரையோரத் துணிக்கு அலைஞ்சுது, அங்க இருந்த நெசவாளிங்க கொதிச்சுப்போய் பிரான்ஸ் 1686லயே தடை போட்டுச்சு, இங்கிலாந்து 1700ல ஒரு சட்டம் போட்டு அது பத்தாம 1721ல இன்னொண்ணு போட்டுச்சு.

வாங்கினப்புறம் முதல் தடவை தனியா, பச்சத் தண்ணில அலசி நிழல்ல காயப் போடுங்க. கறை பட்டுச்சுன்னு எலுமிச்சம்பழம் மட்டும் தேச்சுடாதீங்க, அந்த இரும்புக் கறுப்பு புளிப்பு பட்டா வெளுத்துடும்.