மலைச் சமையலறைக்கு எந்தப் பாத்திரம்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் சூடு ஏறாது. திறந்த சட்டியில் துவரையும் அவரையும் வேக வெகுநேரம் பிடிக்கும். புளியும் தக்காளியும் விட்ட குழம்பு அவ்வளவு நேரம் அலுமினியத்தில் கொதித்தால் உலோகம் கரைந்து குழம்பில் இறங்கும். அதனால் மலையில் முதல் செலவு நல்ல எவர்சில்வர் குக்கருக்குத்தான்.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அடி கனமாக, நடுவில் அலுமினியத் தகடு வைத்து அழுத்தியதாக இருக்கட்டும். மெல்லிய அடி சீக்கிரம் பிடித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தரும் வெயிட் போட்டாலும் உள்ளே சூடு சமவெளியின் 120 டிகிரிக்குப் பதிலாக 116 அளவில்தான் நிற்கும். எனவே ஒன்றிரண்டு விசில் கூட்டி வையுங்கள். பருப்பு, தண்ணீர் இரண்டும் சேர்ந்து பாதிக் குக்கரைத் தாண்டக் கூடாது; நுரை பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். புளியைக் கடைசியில் விடுங்கள். முன்பே விட்டால் பருப்பு மசியாது.

வீட்டில் இருக்கும் அலுமினியக் குக்கரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சோறும் வெறும் பருப்பும் அதில் வேகட்டும், புளிப்பெல்லாம் எவர்சில்வருக்குப் போகட்டும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த, முத்திரையில்லாத அலுமினியச் சட்டியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அதில் காரீயம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கலாம்.

எவர்சில்வரில் 304 ரகம் நல்லது. காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பாத்திரத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இரும்புத் தோசைக்கல்லுக்கு எமன் மூடுபனிதான். புதுக் கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, கடலை எண்ணெயைத் துணியால் தடவி, பளபளப்பே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுங்கள். புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி மூன்று, நான்கு முறை. எண்ணெய் கூடினால் பிசுபிசுவென்று ஒட்டும். தினமும் கழுவியதும் இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டிவிடுங்கள். கவிழ்த்து மட்டும் வைத்தால் காலையில் துரு நிற்கும்.

நான்ஸ்டிக்கை வெறுமனே சூடேற்றக் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை கூண்டுக்கிளியைக் கொன்றுவிடும்.

பித்தளையில் புளிப்பு சமைக்க உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச வருபவரிடம் காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும்வரை அதில் ரசம் வேண்டாம்.